முன்னங்காலைப் பின்னங்கால் என்று சாதித்தவருக்கு

பண்ணைப்புரத்துப் பசுவைப் பற்றி நீங்கள் மேடையில் சொன்னது பொய், ஐயா.

பெயர் சொல்ல மாட்டேன். போன மாதம் தேனியில் கால்நடை மருத்துவர்கள் கூடியபோது பொன்னாடை போர்த்திக்கொண்டவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் மோர்தான் கிடைத்தது. ஆகவே யாரைச் சொல்கிறேன் என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். அவர் என் பழைய மேலதிகாரி. அவரும் நானும் வேலையை விட்டு வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிறது. அன்று அவர் எழுந்து, புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "கன்று ஈனும்போது வெளியே வருகிற காலைப் பாருங்கள். உள்ளங்கால் வானத்தைப் பார்த்தால் அது பின்னங்கால். கன்று பின்பக்கமாக வருகிறது. யோசிக்க நேரம் கிடையாது. கயிற்றைக் கட்டி இழுத்துவிட வேண்டும். பண்ணைப்புரத்தில் நான் அப்படித்தான் தாயையும் கன்றையும் காப்பாற்றினேன்."

தம்பிகளா, நீங்கள் கை தட்டினீர்கள். தட்டிவிட்டுப் போங்கள். ஆனால் பாதிப் பேர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டீர்கள். எழுந்து கையைத் தூக்கினேன். மைக் வைத்திருந்தவர் நான் ஒதுங்குவதற்கு இடம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடமே வந்து, "நல்ல சூத்திரம் சார், இனிமே யோசிக்காம இழுத்துடலாம்" என்றார். அவர் இழுக்கிற முதல் மாடு யாருடையதோ என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பசுவோடு நானும் இருந்தேன். பக்கத்தில் இல்லை. தோள்பட்டை வரைக்கும் உள்ளேயே இருந்தேன்.

கதைக்குப் போகும் முன் ஒரு அடிப்படை. நம் படிப்பில் முதல் வருஷமே திசைகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். தலைப்புறம், வால்புறம், முதுகுப்புறம், வயிற்றுப்புறம். உடம்பின் நடுவுக்குக் கிட்டே, நடுவிலிருந்து விலகி. காலில் என்றால் உடம்பை ஒட்டிய பக்கம், குளம்பை ஒட்டிய பக்கம். பிறகு அசைவுகள்: மடக்குவது, நீட்டுவது, விலக்குவது, ஒட்டுவது. இதற்கெல்லாம் பெரிய பெரிய இங்கிலீஷ் பெயர்கள். எல்லோரும் மனப்பாடம் செய்து எழுதித் தேறிவிடுகிறோம். எதற்காக இந்தப் பெயர்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் விட்டத்தைப் பார்க்கிறோம்.

மனுஷ டாக்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவருடைய நோயாளிக்கு முன்பக்கம் வயிறு, மேல்பக்கம் தலை. நம் நோயாளிக்கு முன்பக்கம் தலை, மேல்பக்கம் முதுகு. அதுவும் மாடு நிற்கும்வரைதான். அது படுத்து, புரண்டு, உங்களையும் ஒரு உதை விட்ட பிறகு எது மேல், எது கீழ்?

எங்கள் கல்லூரியில் உடற்கூறு நடத்தியவர் இதைச் சொல்லிக் கொடுக்க எங்களையே மாடாக்கினார். வகுப்பில் கஞ்சி போட்ட வேட்டியோடு வருகிற ஒருவன் இருந்தான். அவனைத்தான் கூப்பிட்டார். "நாலு காலில் நில்லு." நின்றான். "மேல் எது?" தலையைத் தொட்டான். அவர் கரும்பலகை துடைக்கிற கட்டையை எடுத்து அவன் முதுகில் வைத்தார். "இதுதான் மேல். இப்போது ஒரு பக்கமாகப் படு." படுத்தான். கட்டை விழுந்தது. "இப்போது மேல் எது?" கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த விலாவைத் தொட்டான். "அட, படுத்தவுடனே உன் முதுகு விலாவாகிவிட்டதா? நீ குட்டிக்கரணம் போட்டாலும் முதுகு முதுகுதான். அதனால்தான் மேல் கீழ் என்று சொல்லாதே, முதுகுப்புறம் வயிற்றுப்புறம் என்று சொல்லு என்கிறேன்." வகுப்பே சிரித்தது. வேட்டிக்காரன் மட்டும் எழுந்து சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு, "சார், மாட்டுக்கு வேட்டி இல்லை, அதுக்குக் கவலை இல்லை" என்றான். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்தோம், பரீட்சை எழுதினோம், அவரவர் ஊருக்கு வேலைக்குப் போனோம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் பண்ணைப்புரத்தில்தான் புரிந்தது.

இரண்டாவது உலக யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியைப் போட்டு ஓடின. நான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மாட்டாஸ்பத்திரியில் இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் ஓட்டுக் கட்டிடம் ஒன்று, மாட்டை நிறுத்த மரச்சட்டம் ஒன்று, அவ்வளவுதான். ஒருநாள் காலையில் மேலதிகாரி சோதனைக்கு வந்து இறங்கினார். கரிபஸ்ஸில் வந்ததால் காக்கி உடுப்பு கருப்பாகியிருந்தது. அந்தக் கோபம் வேறு. வந்ததும் அலமாரியைத் திறந்து பாட்டில்களை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. ஒரு பொம்பளை குதித்து இறங்கினார். பெயர் வெள்ளையம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"சாமி, எங்க பசு விடியக்காலைல இருந்து முக்குது. காலு ரெண்டும் வெளிய வந்து நிக்கிது. அதுக்கு மேல வர மாட்டேங்குது."

"யாராவது பிடித்து இழுத்தீர்களா?"

"ஒருத்தரையும் தொட விடல. என் தம்பி மாயாண்டி கயித்தோட வந்தான். வெளக்கமாத்தக் காட்டுனேன், போயிட்டான்."

அப்போதே அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதிகாரியும் கிளம்பினார். "நீர் எப்படி வேலை பார்க்கிறீர் என்று பார்க்கிறேன்" என்றார்.

"இவுக யாரு?" என்றார் வெள்ளையம்மா.

"எனக்கு மேலே இருப்பவர்."

"அப்படியா? வண்டியில எல்லாரும் ஒரே தட்டுதான். வைக்கோலத் தள்ளி உக்காரச் சொல்லுங்க."

வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். புருஷன் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலையேறிப் போயிருந்தார். அங்கே காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று தாக்கல் வந்ததோடு சரி. இங்கே இந்த ஒரு பசுவின் பாலை நாலு வீட்டுக்கு ஊற்றித்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"இது போச்சுன்னா நானும் மலையேறணும் சாமி. புள்ளைக ரெண்டும் சிறுசு. மேல கொண்டுபோயிக் காய்ச்சலுக்குக் குடுக்கவா? கீழ தெருவுல விட்டுட்டுப் போகவா? ஒண்ணு சொல்லுங்க."

அதிகாரி, "எல்லாம் நான் பார்த்துக்கிறேம்மா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் சாமான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது பசு வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. செவலைப் பசு. முதுகை வில்லாக வளைத்து முக்கியது. வால் அடியில் இரண்டு சிறு குளம்புகள் தெரிந்தன. உள்ளங்கால் இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மாயாண்டியும் தெருவிலிருந்த ஆண்களும் சுற்றி நின்றார்கள்.

அதிகாரி கிட்டே போகவில்லை. கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். "பின்னங்கால். கன்று பின்பக்கமாக வருகிறது. இழுங்கள்."

"ஐயா, கையை விட்டுப் பார்த்துவிடலாமே."

"எதற்கு? உள்ளங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியவில்லையா? படித்தீரா இல்லையா?"

படித்தேன். அவர் படித்த அதே புத்தகத்தைத்தான் நானும் படித்தேன். கன்று ஒழுங்காகத் தலைமுதலாக வந்தால் முன்னங்கால்கள் முதலில் வரும், உள்ளங்கால் கீழே பார்க்கும். பின்பக்கமாக வந்தால் பின்னங்கால்கள் வரும், உள்ளங்கால் மேலே பார்க்கும். அந்தச் சூத்திரத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இது கன்று தாயைப் போலவே முதுகை மேலே வைத்துக்கொண்டு வந்தால்தான் சரி. உள்ளே கன்று மல்லாந்து கிடந்தால்? அப்போது முன்னங்காலின் உள்ளங்காலும் வானத்தைத்தான் பார்க்கும். அவர் தாய்க்கு மட்டும் திசை வைத்திருந்தார். உள்ளே இருப்பதற்கும் ஒரு முதுகு, ஒரு வயிறு உண்டு என்பதை மறந்துவிட்டார்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கயிற்றைக் கட்டிவிட்டார்கள். மாயாண்டிக்கு ஒரு அதிகாரியே உத்தரவு கொடுத்ததில் பரம சந்தோஷம். "பிடிங்கடா!" என்று கத்தினான். எல்லோரும் சேர்ந்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். கன்று ஒரு விரல்கூட நகரவில்லை. பசுதான் நகர்ந்தது. பின்னால் தள்ளாடி, முழங்கால் மடங்கி, இடப்பக்கம் சாய்ந்து பொத்தென்று விழுந்தது. விழுந்து ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

"இன்னும் ஆள் கூப்பிடு" என்றார் அதிகாரி.

"நிறுத்துங்க" என்றேன் நான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "என்ன மிஸ்டர், எனக்கே பாடமா? பின்பக்கமாக வருகிற கன்றுக்குத் தொப்புள்கொடி நசுங்கும். தலை உள்ளேயே இருக்கும். தாமதித்தால் மூச்சு முட்டிச் சாகும். செத்தால் நீரா பொறுப்பு?"

தம்பிகளா, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இதுதான் இந்தத் தொழிலின் கொடுமை. முட்டாள்தனமாகச் சொன்னால் எதிர்த்துவிடலாம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அது பின்னங்காலாக இருந்தால். அவர் சரி என்றால் என் தாமதம் கன்றைக் கொல்லும். நான் சரி என்றால் அவருடைய கயிறு கன்றையும் கொன்று தாயையும் கிழிக்கும். இரண்டு பக்கமும் சாவு. இந்த இடத்தில் சத்தம் பெரிதாக உள்ளவர் பக்கம் சாய்ந்துவிடுவதுதான் சுலபம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வெள்ளையம்மா என்ன செய்தார் தெரியுமா? பேசாமல் போய்த் தரையில் கிடந்த கயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிக்கா, அய்யா இழுக்கச் சொல்றாக" என்றான் மாயாண்டி.

"ஏலே, நீ சும்மா இரு. ஆளுக்கு ஒண்ணு சொல்றாக. ரெண்டு பேருல யாரு பசுவத் தொட்டுப் பாக்குறாகளோ அவுக சொல்றதக் கேக்குறேன். தள்ளி நின்னு பாக்குறதுக்கு எனக்கே கண்ணு இருக்கு."

நான் சட்டையைக் கழற்றினேன். சோப்பைப் பூசிக்கொண்டு தரையில் படுத்தேன். அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு புளியமரத்து நிழலுக்குப் போய்விட்டார்.

இனிச் சொல்லப்போவதுதான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது. பேனாவைத் திறக்க வேண்டாம். போய் ஒரு மாட்டின் காலைப் பிடித்துப் பாருங்கள். குளம்பிலிருந்து மேலே வந்தால் முதலில் ஒரு கணு. அது உள்ளங்கால் பக்கம் மடங்கும். இது நாலு காலுக்கும் பொது. அதற்கு அடுத்த மூட்டில்தான் ரகசியம் இருக்கிறது. முன்னங்காலில் அடுத்த மூட்டும் அதே பக்கம்தான் மடங்கும். பின்னங்காலில் அடுத்த மூட்டு எதிர்ப்பக்கம் மடங்கும். நம் குதிங்காலைப் போல ஒரு முனையும் துருத்திக்கொண்டு நிற்கும். மாடு நின்றாலும், படுத்தாலும், கன்று மல்லாந்தாலும், கரணம் போட்டாலும் இது மாறாது. பார்க்கிற திசை மாறும். மடங்குகிற திசை மாறவே மாறாது.

கையை விட்டேன். கணு மடங்கியது. மேலே போனேன். அடுத்த மூட்டைப் பிடித்து மடக்கினேன். அதே பக்கம் மடங்கியது. துருத்துகிற முனை எதுவும் இல்லை. இன்னொரு காலைப் பிடித்தேன். அதுவும் அப்படியே. இரண்டு காலும் ஒரே நெஞ்சில் போய்ச் சேருகின்றனவா என்றும் தடவிப் பார்த்தேன். ஏனென்றால் இரட்டைக் கன்று என்றால் ஒன்றின் காலையும் மற்றொன்றின் காலையும் சேர்த்துக் கட்டி இழுத்த மகான்களும் நம் தொழிலில் உண்டு. ஒரே நெஞ்சுதான். அதற்கு அந்தப் பக்கம் கழுத்து. கழுத்து வளைந்து, தலை கீழ்ப்பக்கம், தாயின் இடது விலாவுக்கும் கன்றின் தோளுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. விரலை வாய்க்குள் விட்டேன். நாக்கு விரலைச் சுற்றியது.

"உயிர் இருக்கு" என்றேன். "இது முன்னங்கால். தலை மடங்கிக் கிடக்கு."

மரத்தடியிலிருந்து குரல் வந்தது: "இழுத்ததில் வீங்கியிருக்கும். உமக்கு மூட்டு தெரியாது."

"நாக்கு தெரியுது ஐயா. பின்னங்காலுக்குப் பக்கத்தில் நாக்கு இருக்கிற கன்றை நான் பார்த்ததில்லை."

தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்னை அவர் மன்னிக்கவே இல்லை. அது வேறு விஷயம்.

இப்போது அடுத்த சிக்கல். தலை கிடந்த பக்கத்தின் மேலேயே பசு படுத்திருந்தது. தாயின் முழு பாரமும் அந்தத் தலையின் மேல். பசுவைப் புரட்டி அடுத்த பக்கம் படுக்க வைத்தால்தான் தலை மேலே வரும், எனக்குக் கை போகும். எழுப்பிப் பார்த்தோம், எழவில்லை. புரட்டத்தான் வேண்டும்.

"எல்லோரும் பிடிங்க. வலப்பக்கமா உருட்டுங்க!" என்றேன்.

தலைப்பக்கம் நின்றவர்கள் அவர்களுடைய வலப்பக்கம் தள்ளினார்கள். வால்பக்கம் நின்றவர்கள் அவர்களுடைய வலப்பக்கம் தள்ளினார்கள். எதிரும் புதிருமாக நின்றவர்களுக்கு வலது எப்படி ஒன்றாக இருக்கும்? பசுவை ஈரத்துணி பிழிகிற மாதிரி பிழிந்துவிட்டார்கள். நான் உள்ளே கையை வைத்துக்கொண்டு "ஐயோ" என்றேன். பசுவும் என்னோடு சேர்ந்து கத்தியது.

"எந்த வலதுங்க?" என்று மாயாண்டி கோபமாகக் கேட்டான். "உங்க வலதா, எங்க வலதா, மாட்டு வலதா?"

நியாயமான கேள்வி. மாட்டு வலது என்று பதில் சொல்லியிருந்தால் அங்கே யாருக்கு விளங்கும்? மாடு இடப்பக்கமாக விழுந்து கிடக்கும்போது அதன் வலது வானத்தில் இருக்கிறது. வானத்துப் பக்கம் உருட்ட முடியுமா?

அந்த நேரம் பார்த்து அதிகாரிக்கு உதவி செய்யும் எண்ணம் வந்துவிட்டது. மரத்தடியிலேயே எழுந்து நின்று, பையிலிருந்து கையை எடுக்காமலே, "மலைப்பக்கம் உருட்டுங்கள்!" என்று ஆணையிட்டார்.

வெளியூர்க்காரர், பாவம். இந்தப் பள்ளத்தாக்கில் மேற்கே பார்த்தாலும் மலை, கிழக்கே பார்த்தாலும் மலை. தலைப்பக்கத்து ஆட்கள் ஒரு மலையைப் பார்த்துத் தள்ள, வால்பக்கத்து ஆட்கள் இன்னொரு மலையைப் பார்த்துத் தள்ள, திரும்பவும் பிழிந்தார்கள்.

"அய்யா, எந்த மலைன்னு சொல்லிட்டுக் கத்துங்க!" என்றார் வெள்ளையம்மா. "ரெண்டு மலைக்கும் ஒரு பசுதான் இருக்கு!"

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இந்த ஊரில் சோற்றுப் பானையை நகர்த்தச் சொன்னாலும் கிழக்க, மேக்க என்றுதான் சொல்வார்கள். இலையில் உப்பு வைக்கும்போதுகூடக் கொஞ்சம் தெக்க வை என்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர்களுக்குத் திசை தெரியும். பசுவின் தலை தெற்கே இருந்தது. கால்கள் மேற்கே நீட்டிக்கொண்டிருந்தன. முதுகு கிழக்கே இருந்தது.

"இங்கன பாருங்க எல்லாரும். கால் நாலும் மேக்க இருக்கு. அதைத் தூக்கிக் கிழக்க போடணும். கிழக்க! ஒரே மூச்சில்!"

"அத மொதல்லயே சொல்லணும்ல" என்றான் மாயாண்டி.

அவ்வளவுதான். அத்தனை பேரும் ஒரே ஆள் மாதிரி பிடித்தார்கள். கால்கள் வானத்தில் எழும்பின. பசு முதுகின் மேல் ஒரு உருளல் உருண்டு, அடுத்த பக்கம் படுத்து, பெருமூச்சு விட்டது. உள்ளே என் கைக்குமேல் இருந்த பாரம் விலகியது. தலை கைக்கு வந்தது.

பிறகு செய்ததை உங்களுக்குப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. கன்றை உள்ளே தள்ளி, தாடையைப் பிடித்துத் தலையைத் திருப்பி, கால்களைக் குறுக்கே மாற்றிக் கன்றைப் புரட்டி, முதுகு முதுகோடு சேருகிற மாதிரி கொண்டுவந்தேன். சொல்ல இவ்வளவுதான். செய்து முடித்தபோது என் கை மரத்துப்போய் அடுத்தவர் கை மாதிரி இருந்தது. இப்போது கயிற்றைக் கட்டச் சொன்னேன். பசு முக்கும்போது மட்டும் இழு, அது நிறுத்தினால் நீயும் நிறுத்து என்றேன். வெள்ளையம்மாவே கயிற்றைப் பிடித்தார். தம்பியை நம்பவில்லை.

கன்று வந்து விழுந்தது. கிடேரி. மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலைச் சுருட்டித் தேய்த்து, ஒரு துரும்பை மூக்கில் விட்டேன். ஒன்றுமில்லை. இன்னும் தேய்த்தேன். வெள்ளையம்மா கன்றைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மலை என்று கேட்காதீர்கள். புருஷன் போன மலை.

கன்று தும்மியது.

ஒரே ஒரு தும்மல். அதைக் கேட்டு அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஆத்தா, தப்பிச்சேன். எம்புள்ளைக தப்பிச்சுச்சுக" என்றார். அப்புறம் மாயாண்டியைப் பார்த்து, "என்னலே பாத்துக்கிட்டு நிக்கிற, தண்ணி கொண்டா, டாக்டரய்யா மேலெல்லாம் நாறுது" என்றார்.

அதிகாரி அப்போதுதான் மரத்தடியிலிருந்து வந்தார். கன்றைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். "பார்த்தீரா, கடைசியில் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது" என்றார்.

கொஞ்ச நாளில் என்னை வருசநாட்டுக்கு மாற்றினார்கள். மேலிடத்தில் மரியாதைக் குறைவு என்று காரணம். கன்றின் நாக்கைப் பற்றிச் சொன்னதற்கு என் நாக்குதான் தண்டனை வாங்கித் தந்தது. போய்ச் சேர்ந்தேன். அங்கே நல்ல மாடுகள் இருந்தன. நல்ல மனிதர்களும் இருந்தார்கள். அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். கன்றைக் காப்பாற்றியது தாம்தான் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் விட்டிருப்பேன். கன்றுக்குத் தன்னை யார் வெளியே எடுத்தார்கள் என்பதைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கும் இல்லை.

ஆனால் அவர் உங்களுக்குச் சூத்திரம் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதுதான் குற்றம். எந்தச் சூத்திரம் அன்று ஒரு பசுவைக் கிழிக்கப் பார்த்ததோ, அதே சூத்திரத்தை, அதே பசுவைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

தம்பிகளா, நான் சொல்வதைக் கேளுங்கள். நம் ஆட்களுக்குள் பேசும்போது மாட்டின் உடம்பை வைத்துத் திசை சொல்லுங்கள். தலைப்புறம், வால்புறம், முதுகுப்புறம், வயிற்றுப்புறம். உங்கள் வலது இடது வேண்டாம். மாடு திரும்பினால் அந்த வலது இடது செத்துப்போகும். கயிறு பிடிக்கிறவர்களிடம் பேசும்போது கிழக்கு மேற்கு சொல்லுங்கள். அவர்கள் திரும்பினாலும் கிழக்கு திரும்பாது. எவ்வளவு படித்திருந்தாலும் மலைப்பக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள். உள்ளே ஒரு உயிர் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு தலையும் முதுகும் உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. அவசரம் என்று யாராவது கத்தினால், அவர் கை காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி உங்களுக்கு, ஐயா.

அடுத்த கூட்டம் போடியில் என்று சொல்கிறார்கள். நான் வருவேன். வரும்போது ஒரு சாக்கு கொண்டுவருவேன். அதற்குள் ஒரு கன்றின் கால் இருக்கும். செத்துப் பிறந்த கன்றின் கால், பயப்பட வேண்டாம். கண்ணால் பார்க்கக் கூடாது. கையை விட்டு, மூட்டை மடக்கி, அது முன்னங்காலா பின்னங்காலா என்று இந்தப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

சரியாகச் சொல்லிவிடுவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். என்னைவிட நல்ல மார்க் வாங்கியவர் நீங்கள். ஆகவே என் உண்மையான கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது: இவ்வளவு தெரிந்த அந்தக் கை, அன்று பண்ணைப்புரத்தில் ஏன் கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை?

பதிலைத் தனியாகக் கூப்பிட்டு என் காதில் சொல்ல வேண்டாம். அங்கேயே நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.